சவலைப் பன்றிக்குட்டிக்கு எந்த அமினோ அமிலம், எப்போது?

வளர்ப்பு விலங்குகளில், தாயின் வயிற்றிலேயே வளர்ச்சி தடைபட்டுப் பிறப்பது பன்றியில்தான் மிக அதிகம். பண்ணைகளில் பிறக்கும் குட்டிகளில் 15 முதல் 20 சதவீதம் 1.1 கிலோ எடைகூட இல்லாமல் பிறக்கின்றன. பன்றியின் சினைக்காலம் 114 நாள். அதில் 35 நாள் கடந்ததும் கருக்களுக்குக் கருப்பையில் இடம் போதாமல் போகத் தொடங்குகிறது. நல்ல இடம் பிடித்த கருவுக்கு நஞ்சுக்கொடி பெரிதாக வளரும், நெருக்கத்தில் சிக்கியதற்குச் சிறுத்துவிடும். டென்மார்க்கில் அதிகக் குட்டி ஈனும்படி தேர்ந்தெடுத்து வளர்த்த இனங்களில், உயிருடன் பிறக்கும் குட்டிகள் ஈற்றுக்குச் சராசரி 17-ஐத் தாண்டிவிட்டன. பால் சுரக்கும் காம்புகளோ 14, மிஞ்சினால் 16. இந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது சவலைக் குட்டி.

இப்படிப்பட்ட குட்டிகளுக்குப் புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களைக் கொடுத்துத் தேற்றலாம் என்பதற்குக் கடந்த முப்பதாண்டு ஆய்வுகளில் நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் அதைச் ‘சத்து மருந்து’ என்று நினைத்து எல்லாவற்றையும் எல்லா வயதிலும் கலக்குகிறவர்கள் பணத்தையும் குட்டியையும் சேர்த்தே இழக்கிறார்கள். ஆர்ஜினினுக்கு ஒரு பருவம் உண்டு, குளூட்டமினுக்கு வேறொரு பருவம். லைசின் கணக்கோ பால் மறந்த நாள்முதல் ஓயாமல் பார்க்க வேண்டியது.

முதலில் சரியான குட்டியைப் பிரித்தறிய வேண்டும். எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். முதல் ஈற்றுத் தாய்க்கு 1.1 கிலோவில் பிறந்தாலும் உடல் அளவொத்து இருக்கும் குட்டி, பால் கிடைத்தால் தானாகத் தேறிவிடும். கருப்பையில் பட்டினி கிடந்த குட்டியின் தலை வேறு மாதிரி இருக்கும்: நெற்றி டால்பினைப் போலச் சரிவாக எழும்பி நிற்கும், கண்கள் பிதுங்கியிருக்கும், வாய்க்குக் குறுக்காகச் சுருக்கங்கள் விழுந்திருக்கும், உடல் முடி ஒரே திசையில் படியாது. இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட அறிகுறிகள் சேர்ந்து தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். கிடைத்த கொஞ்ச ஊட்டத்தைக் கரு மூளைக்குத் திருப்பிவிட்டு, கல்லீரல், குடல், தசை, சிறுநீரகம் ஆகியவற்றைப் பட்டினி போட்டதன் அடையாளம் அது. அதனால்தான் இந்தக் குட்டியின் மூளை, கல்லீரலோடு ஒப்பிடும்போது அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கிறது.

தீவனம் வகுக்கிறவர் இதில் மூன்று விஷயங்களை மனத்தில் நிறுத்த வேண்டும். குடல் குட்டையாக, சுவர் மெலிந்து, உணவுச் சத்தை உள்வாங்கும் விரல் போன்ற நுண் உறிஞ்சிகள் உயரமின்றி இருக்கும். தசையில் இழைகளின் எண்ணிக்கையே குறைவு. சினையின் இரண்டாம் கட்டத்தில் உருவாக வேண்டிய இழைகள் உருவாகாமல் போயிருக்கும், பிறந்த பிறகு அவற்றைக் கூட்ட வழியில்லை. சிறுநீரகத்தில் வடிகட்டும் நுண்ணலகுகளும் குறைவு. ஆகவே இந்தக் குட்டிக்குப் புரதம் தேவைதான், ஆனால் மிச்சமாகும் புரதத்தை யூரியாவாக்கி வெளியேற்றும் திறன் அதற்குக் குறைவு. தாய்ப்பாலைவிடப் புரதம் கூடுதலான பால்மாவைக் கொடுத்து வேகமாகத் தேற்ற நினைப்பது இந்த இடத்தில்தான் தவறாகிறது.

அமினோ அமிலத்துக்கு முன்னே

சூடும் சீம்பாலும் கிடைக்காத குட்டிக்கு எந்த அமினோ அமிலமும் பயன்படாது. பன்றியின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் புரதங்கள் கருவுக்குப் போவதில்லை. குட்டி அவற்றைச் சீம்பாலிலிருந்துதான் பெறுகிறது. பிறந்து 24 மணி நேரத்தை நெருங்கும்போது குடல் அவற்றை அப்படியே உள்ளே விடும் வழியை மூடிவிடும். அதற்குள் 200 கிராமாவது குடித்திருக்க வேண்டும். பன்றிக்குட்டி கொழுப்புச் சேமிப்பு ஏறத்தாழ இல்லாமலே பிறக்கிறது, உடலைச் சூடாக்கும் பழுப்புக் கொழுப்பு அதற்கு அறவே இல்லை. ஒரு கிலோவுக்கும் குறைந்த குட்டி ஈரத்தோடு குளிர்ந்த தரையில் அரை மணி நேரம் கிடந்தாலே பால் குடிக்கும் வலு போய்விடும். குட்டிகள் படுக்கும் மூலையை 32 முதல் 35 டிகிரி செல்சியஸில் வைத்து, குட்டியைத் துடைத்துச் சூடேற்றிய பிறகே குழாய் வழியாகச் சீம்பால் புகட்ட வேண்டும், ஒரு தடவைக்கு 10 முதல் 15 மில்லி போதும். உடல் குளிர்ந்திருக்கும்போது புகட்டினால் பால் செரிக்காமல் வயிற்றில் தங்கிவிடும். பெரிய குட்டிகளை ஒன்றிரண்டு மணி நேரம் பெட்டியில் அடைத்துவிட்டு, சிறியவற்றைத் தனியாகக் காம்பில் விடுவது இதற்கெல்லாம் மேலான வழி. செலவும் கிடையாது.

பால் பருவம்: ஆர்ஜினின்

குட்டியின் உடல் புரதத்தில் லைசினும் ஆர்ஜினினும் ஏறக்குறைய சம அளவில் இருக்கின்றன. தாய்ப்பன்றியின் பாலிலோ ஆர்ஜினின், லைசினைவிட மிகக் குறைவு. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் குவாயாவ் வூவின் குழு இதைக் கணக்கிட்டபோது, ஒரு வாரக் குட்டியின் தேவையில் 40 சதவீதத்தைத்தான் பால் தருகிறது என்று தெரிந்தது. மீதியைக் குட்டி தானே தயாரிக்க வேண்டும். குடல் செல்கள் குளூட்டமின், புரோலின் ஆகியவற்றிலிருந்து சிட்ருலின் என்ற இடைப்பொருள் வழியாக ஆர்ஜினினை உண்டாக்குகின்றன. சிக்கல் என்னவென்றால், பிறந்த அன்று மும்முரமாக இருக்கும் இந்தத் தயாரிப்பு, ஏழாம் நாளுக்குள் பாதிக்கும் கீழே சரிந்துவிடுகிறது. நலமான குட்டிக்கே இந்த நிலை. குடலே மெலிந்து பிறந்த குட்டிக்குத் தொழிற்சாலையும் சின்னது, உற்பத்தியும் கம்மி.

ஆர்ஜினின் வெறும் கட்டுமானப் பொருள் அல்ல. இரத்தக் குழாய்களை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு அதிலிருந்துதான் பிறக்கிறது. செல்கள் பெருகத் தேவையான பாலி அமின்களும் தசைக்கான கிரியாட்டினும் அதிலிருந்தே வருகின்றன. அமோனியாவை யூரியாவாக மாற்றும் சுழற்சியையும் அதுவே ஓட்டுகிறது. 2004-இல் வெளிவந்த சோதனை ஒன்றில், ஏழாம் நாளில் தாயிடமிருந்து பிரித்துப் பால்மாவில் வளர்த்த குட்டிகளுக்கு, மாவின் எடையில் 0.2, 0.4 சதவீதம் என்று ஆர்ஜினின் சேர்த்தார்கள். 21-ஆம் நாள்வரை அன்றாட எடையேற்றம் முறையே 28, 66 சதவீதம் கூடியது. இரத்தத்தில் அமோனியாவும் யூரியாவும் குறைந்தன. உண்ட புரதம் வீணாகாமல் உடலில் தங்கியது என்பதற்கு அதுவே சான்று. ஒன்றை மறக்கக் கூடாது: அவை தாயை விட்டுப் பிரித்த குட்டிகள். தாயிடம் வயிறாரக் குடிக்கும் குட்டியில் இந்த 66 சதவீதத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

நடைமுறையில் 0.4 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளலாம், 0.6-ஐத் தாண்டத் தேவையில்லை. 10 கிலோ பால்மாவுக்கு 40 கிராம் ஆர்ஜினின். கடையில் கிடைப்பது ஹைட்ரோகுளோரைடு உப்பாக இருந்தால், அதில் ஆர்ஜினின் 82.7 சதவீதம்தான், எனவே 48 கிராம் நிறுக்க வேண்டும். ஒவ்வொரு லிட்டருக்கும் தனித்தனியாக நிறுக்கப் போனால் ஒரு கிராமுக்கும் குறைவான அளவு வரும், சாதாரணத் தராசில் அது நிற்காது. மாவிலேயே முன்கூட்டிக் கலந்துவைப்பதுதான் சரி. உப்பாக இல்லாத தனி ஆர்ஜினின் கடும் காரத்தன்மை கொண்டது. அதைத் தண்ணீரில் கரைத்து நேரே வாயில் விட்டால் வாயும் உணவுக்குழாயும் புண்ணாகும்.

பால்மாவை லிட்டருக்கு 150 முதல் 200 கிராம் என்று 40 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில் கரைத்து, முதல் சில நாள் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பன்றி ஏறத்தாழ ஒரு மணிக்கு ஒரு தடவை பால் இறக்குகிறது. அந்த ஒழுங்கில் பழகிய வயிற்றுக்கு, நாளைக்கு மூன்று வேளை நிரப்பிக் கொடுப்பது கழிச்சலில்தான் முடியும். கூடுதல் அடர்த்தியில் கரைத்தாலும் அப்படியே.

கிளைசினும் இந்தப் பருவத்துக்கு உரியதே. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்பு, செல்களைக் காக்கும் குளூட்டாதையோன், தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். தாய்ப்பாலில் அது குட்டியின் தேவைக்கு மிகக் குறைவு. விலையும் மலிவு, இனிப்பாக இருப்பதால் குட்டி விரும்பிக் குடிக்கும். லியூசினைப் பற்றி அவ்வளவு உற்சாகமாகச் சொல்ல முடியவில்லை. தசை செல்லில் புரதம் கட்டும் சமிக்ஞையை அது தூண்டுகிறது என்பது உறுதியான உண்மை. ஆனால் தனியாகக் கூட்டினால், தன்னோடு சேர்ந்து எரியும் வேலின், ஐசோலியூசின் இரண்டையும் இரத்தத்தில் குறைத்துவிடும். செங்கல் வந்து சேராத இடத்தில் கொத்தனாரை அவசரப்படுத்துவது போலத்தான் அது, சமிக்ஞை எழும்பும், எடை ஏறாது.

பால் மறக்கும் வாரம்: குளூட்டமின்

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுவிதி 28 நாளுக்கு முன் பால் மறக்கடிக்கக் கூடாது என்கிறது. தனி வசதியுள்ள கொட்டகைக்கு மாற்றினால் 21 நாளில் செய்யலாம். எந்த நாளில் செய்தாலும், பால் நின்ற மறுநாளே குட்டி தீவனத்தை மோந்துவிட்டு நகர்ந்துவிடும். ஒன்றிரண்டு நாள் பட்டினியிலேயே குடல் உறிஞ்சிகள் குட்டையாகிவிடும். குடல் செல்கள் முக்கியமாக எரிக்கும் எரிபொருள் குளூட்டமினும் குளூட்டமேட்டும்தான். தாய்ப்பாலில் தாராளமாக இருந்த அது திடீரென்று நின்றுபோகிறது. 1996-இல் வெளியான வூ குழுவின் சோதனையில், 21 நாளில் பால் மறந்த குட்டிகளின் மக்காச்சோளம்-சோயா தீவனத்தில் 1 சதவீதம் குளூட்டமின் சேர்த்தபோது, முதல் வாரத்தில் சிறுகுடல் உறிஞ்சிகள் தேய்வது தடுக்கப்பட்டது. இரண்டாம் வாரத்தில் தீவனம் எடையாக மாறும் திறன் 25 சதவீதம் கூடியது.

100 கிலோவுக்கு ஒரு கிலோ, இரண்டு வாரம். அதற்குமேல் நீட்டிப்பது செலவுக்கு ஏற்ற பயன் தராது. குளூட்டமின் தண்ணீரில் நின்றால் அமோனியாவையும் பயனற்ற ஒரு வளையச் சேர்மத்தையும் விட்டுச் சிதையும், சூடு பட்டால் இன்னும் வேகமாக. ஆகவே குடிநீர்த் தொட்டியில் கலந்து நாள்முழுக்க வைப்பதும், கொதிநீராவியில் குருணையாக்கும் தீவனத்தில் சேர்ப்பதும் பாதியை இழக்கும் வழிகள். தூள் தீவனமாகக் கலந்து, ஒரு வாரத் தேவைக்கு மட்டும் தயாரிக்கலாம்.

விலை கட்டுப்படியாகாதவர்கள் மோனோசோடியம் குளூட்டமேட்டைத் தேடுகிறார்கள். அது பாதி வேலையைச் செய்யும், குட்டியை உண்ணவும் தூண்டும். ஆனால் அதில் 12 சதவீதம் சோடியம். 1 சதவீதம் சேர்த்தால் கறியுப்பில் 0.3 சதவீதத்தைக் குறைத்தாக வேண்டும். கருவாட்டுத் தூள் கலந்த தீவனமாக இருந்தால், அதில் ஏற்கெனவே உப்பு எவ்வளவு என்று பார்க்காமல் இதைத் தொடவே கூடாது. தண்ணீர்க் குழாய் ஒரு நாள் அடைத்துக்கொண்டால் போதும், உப்பு நஞ்சாகிக் குட்டிகள் வலிப்பு வந்து விழும்.

இந்தக் கட்டத்தில் ஆர்ஜினின் பற்றிய கேள்வி எழும். பால் மறந்தபின் அதற்கு முன்போல அவசியம் இல்லை என்பது என் முடிவு. சோயாவிலேயே அது ஏராளமாக இருக்கிறது. நம் ஊரில் கடலைப் பிண்ணாக்கு உண்டு, அதில் லைசினைப் போல மூன்று மடங்கு ஆர்ஜினின். அதையே சவலைக் குட்டிக்குக் கொடுக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கடலைப் பிண்ணாக்கில் குறைவது குட்டிக்கு முதலில் தேவைப்படும் லைசினும் மெத்தியோனினும்தான். மேலும், பூஞ்சை பிடித்த பிண்ணாக்கில் உள்ள அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு நேரே கல்லீரலைத் தாக்கும். ஏற்கெனவே கல்லீரல் சிறுத்த குட்டிக்கு அது தாங்காது.

புரதத்தைக் குறை, லைசினைக் கணக்கிடு

ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் மருந்தளவிலான துத்தநாக ஆக்சைடைத் தடை செய்தது. அதுவரை கழிச்சலை அடக்கிவைத்திருந்தது அது. தடைக்குப்பின் தீவனம் வகுப்பவர்களின் பார்வை புரத அளவின்மீது திரும்பியது. செரிக்காத புரதம் பெருங்குடலுக்குப் போனால், அங்கே நொதித்து அமோனியாவும் வேறு நச்சு அமின்களும் உண்டாகும், கழிச்சலை உண்டாக்கும் ஈ.கோலை கிருமி கொழிக்கும். செரிமானம் மெலிந்த குட்டிக்கு இது இரட்டிப்பு ஆபத்து. எனவே பால் மறந்த முதல் இரண்டு வாரத்தில் புரதத்தை 22-லிருந்து 18, 18.5 சதவீதத்துக்கு இறக்கி, குறைவதைத் தனி அமினோ அமிலத்தால் நிரப்புகிறார்கள்.

இங்கேதான் கணக்குப் பிசகுகிறது. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 2012 பரிந்துரை, 5 முதல் 7 கிலோ குட்டிக்குச் செரிக்கத்தக்க லைசின் 1.50 சதவீதம், 7 முதல் 11 கிலோவுக்கு 1.35 சதவீதம் என்கிறது. 18.5 சதவீதப் புரதத்தில் இதை அப்படியே திணித்தால், லைசின் மட்டும் உயர்ந்து, மற்ற அமினோ அமிலங்களைத் தயாரிக்க நைட்ரஜன் போதாமல் போகும். செரிக்கத்தக்க லைசின் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ 6.5 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது. 18.5-க்கு அது 1.20. முதல் இரண்டு வாரம் அந்த அளவோடு நின்று, சாணம் கெட்டியானபின் புரதத்தை 20-க்கு மேல் ஏற்றி 1.35-க்குப் போகலாம். இரண்டு வாரம் வளர்ச்சி சற்று மந்தமாக இருப்பது கழிச்சலில் இழப்பதைவிட எவ்வளவோ மேல்.

ஒரு கணக்கு. மக்காச்சோளம், சோயா, மோர்ப்பொடி, மீன்தூள் சேர்ந்த அடிப்படைக் கலவையில் செரிக்கத்தக்க லைசின் 0.90 சதவீதம் என்று வையுங்கள். பற்றாக்குறை 0.30, அதாவது 100 கிலோவுக்கு 300 கிராம். லைசின் ஹைட்ரோகுளோரைடில் லைசின் 78.8 சதவீதம், ஆகவே நிறுக்க வேண்டியது 381 கிராம். லைசினை 100 என்று வைத்தால், திரியோனின் 65, மெத்தியோனினும் சிஸ்டீனும் சேர்ந்து 58, டிரிப்டோஃபேன் 20, வேலின் 67, ஐசோலியூசின் 53 என்ற விகிதத்தில் மற்றவை நிற்க வேண்டும். 1.20-க்கு அவை முறையே 0.78, 0.70, 0.24, 0.80, 0.64 சதவீதம். சவலைக் குட்டியில் திரியோனினைக் கிள்ளிக் குறைக்காதீர்கள். உண்டதில் பாதிக்கு மேல் குடலே எடுத்துக்கொண்டு சளிப்படலம் கட்டும், சளிப்படலம்தான் கிருமிக்கு முதல் தடுப்பு. மெத்தியோனினிலோ நேர்மாறான எச்சரிக்கை: அளவு மீறினால் மற்ற எதையும்விட வேகமாகக் குட்டி தீவனத்தை ஒதுக்கும்.

சோயா குறைந்ததால் பொட்டாசியம் குறைகிறது. லைசினோ தன்னோடு குளோரைடைக் கொண்டுவருகிறது. இரண்டும் சேர்ந்து இரத்தத்தை அமிலப் பக்கம் தள்ளும், குட்டி உண்பது குறையும், காரணம் புரியாமல் தீவனத்தின் சுவையைக் குறை சொல்வோம். மேற்சொன்ன 381 கிராமில் வரும் குளோரைடை ஈடுகட்ட 175 கிராம் சமையல் சோடா போதும். அதற்குமேல் போட்டால் வயிற்றின் அமிலம் தணிந்து புரதம் செரிப்பது கெடும்.

கலப்பதிலும் ஒழுங்கு வேண்டும். 381 கிராமை நேரே கலவை இயந்திரத்தில் கொட்டினால் ஒரு மூட்டையில் இரட்டிப்பும் இன்னொன்றில் ஒன்றுமில்லாமலும் போகும். எல்லா அமினோ அமிலங்களையும் முதலில் 2 கிலோ மாவில், பிறகு 10 கிலோவில், பிறகு மொத்தத்தில் என்று படிப்படியாகக் கலக்க வேண்டும். மோர்ப்பொடியும் லைசினும் சேர்ந்த தீவனத்தை அதிகச் சூட்டில் குருணையாக்கினால், பால்சர்க்கரை லைசினைப் பிடித்துக்கொண்டு பழுப்பாகும். பகுப்பாய்வில் லைசின் இருப்பதாகக் காட்டும், குட்டிக்குக் கிடைக்காது. ஊறவைத்துப் புளிக்கவிடும் தீவனத்தில் தனி லைசினை முன்கூட்டிப் போட்டால் கிருமிகள் அதைக் கெட்ட நாற்றமுள்ள கடாவரினாக மாற்றிவிடும். புளித்தபின், தொட்டியில் ஊற்றும் நேரத்தில் சேர்ப்பதே முறை. தனி அமினோ அமிலம் மணிக்கணக்கில் அல்ல, நிமிடக்கணக்கில் உறிஞ்சப்படும். புரதத்திலிருந்து வருபவை மெதுவாக வரும். நாளைக்கு ஒரே வேளை உணவு கொடுத்தால் இரண்டும் சந்திக்காமல் தனி லைசின் எரிந்து வீணாகும். தொட்டியில் எப்போதும் கொஞ்சம் தீவனம் இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் உணவக மிச்சத்தை நம்பி வளர்க்கும் பண்ணைகளுக்கு ஒரு வார்த்தை. அரிசிச் சோறு மிகுந்த அந்த உணவில் லைசின் மிகக் குறைவு. அதன் ஈரமும் அளவும் சின்ன வயிற்றை நிரப்பிவிடும். வளர்ந்த பன்றிக்கு எதைக் கொடுத்தாலும், பால் மறந்த சவலைக் குட்டிக்கு முதல் ஒரு மாதமாவது உலர் தீவனம் தனியாக வையுங்கள். லைசினைச் சரிசெய்யாத தீவனத்தில் குளூட்டமினுக்குச் செலவிடுவது வீண்.

தாய்க்குக் கொடுத்துத் தடுக்க முடியுமா?

1996-இல் வூவும் அவருடைய சக ஆய்வாளர்களும், 40-ஆம் நாள் சினையில் கருவைச் சூழ்ந்த திரவத்தில் ஆர்ஜினின் அசாதாரணமாகக் குவிந்திருப்பதைக் கண்டார்கள். நஞ்சுக்கொடி வேகமாக வளரும் நேரம் அது. 2007-இல் முதல் ஈற்றுப் பன்றிகளுக்கு 30-ஆம் நாளிலிருந்து 114-ஆம் நாள்வரை தீவனத்தில் 1 சதவீதம் ஆர்ஜினின் ஹைட்ரோகுளோரைடு கொடுத்தபோது, உயிருடன் பிறந்த குட்டிகள் ஈற்றுக்கு இரண்டு கூடின, ஈற்றின் மொத்த எடையும் ஏறத்தாழ கால் பங்கு உயர்ந்தது. பின்வந்த சோதனைகள் எல்லாம் அந்த அளவுக்குத் தரவில்லை. சினைப்பட்ட முதல் 25 நாளுக்குள் கொடுத்தால் கருக்கள் குறையவும் கூடும் என்பதும் தெரியவந்திருக்கிறது. தாய்க்குக் கொடுப்பதாக இருந்தால் முதல் மாதம் கழியட்டும். தாய் ஏற்கெனவே தீவனம் போதாமல் மெலிந்திருந்தால், அந்தப் பணத்தைத் தீவனத்துக்கே செலவிடலாம்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க எடைபோடுவதைத் தவிர வேறு வழியில்லை. பிறந்த அன்றும், 7, 21 ஆகிய நாட்களிலும், பால் மறந்து 14-ஆம் நாளிலும் ஒவ்வொரு சவலைக் குட்டியையும் தனித்தனியே நிறுத்து எழுதுங்கள், மொத்தமாக நிறுத்துச் சராசரி பார்க்காதீர்கள், ஒன்றிரண்டு நல்ல குட்டிகள் மற்றவற்றை மறைத்துவிடும். ஒப்பிட, அதே ஈற்றில் அதே எடையில் பிறந்த குட்டிகளில் பாதிக்குக் கூடுதல் அமினோ அமிலம் கொடுக்காமல் விட்டுப் பாருங்கள். சாணம் இளகினால் முதலில் புரதத்தைக் குறையுங்கள், மருந்து அப்புறம். கழிச்சல் இல்லாமலே தீவனத்தை ஒதுக்கினால் மெத்தியோனின் அளவையும் உப்புக் கணக்கையும் பாருங்கள். பால் மறந்து 14-ஆம் நாளில் குட்டி நன்றாக உண்டு எடை ஏறிக்கொண்டிருந்தால் குளூட்டமினை நிறுத்திவிட்டு, லைசின் விகிதம் சரியான சாதாரணத் தொடக்கத் தீவனத்துக்கு மூன்று நான்கு நாளில் மெல்ல மாற்றிவிடலாம்.